விரல் வைத்தால் சுகர் தெரியுமாம்

சங்ககிரி லாரிப் பட்டறை ரோட்டில் வஹீதுன்னிசாவிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் கிடையாது. உளுந்தில் கல் கலந்து விற்ற மளிகைக்காரரின் கல்லாப்பெட்டி மேலேயே அந்தக் கல்லையெல்லாம் கொட்டிவிட்டு வந்தவள் அவள். கேஸ் சிலிண்டர் போடுகிறவர் அந்த வீட்டு வாசலில் மட்டும் கேட்காமலேயே எடை போட்டுக் காட்டுவார். "அந்தம்மாகிட்டயா? நமக்கெதுக்குங்க வம்பு" என்று ஊர் பேசுவதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. யாராவது ஏமாந்து வந்து நின்றால் இரக்கத்துக்கு முன்னால் எரிச்சல்தான் வரும் அவளுக்கு. "கண்ணு எங்க போச்சு உங்களுக்கு?" என்று மூஞ்சிக்கு நேராகக் கேட்டுவிடுவாள்.

அவள் புருஷன் சைபுல்லா அதற்கு நேர் எதிர். லாரிகளுக்குத் தார்ப்பாய் தைத்துக் கொடுக்கும் கடை அவருடையது. லோடு ஏற்றி நிற்கும் லாரியின் உச்சியில் ஏறி நின்று அளவெடுப்பார். கீழே இருந்து டிரைவர் அவசரப்படுத்தினாலும், திட்டினாலும், "இதோ ஆச்சுங்க" என்பதற்கு மேல் ஒரு சொல் வராது. ஊரில் கோபம் என்று ஒன்று பங்கு வைக்கப்பட்டபோது அவருடைய பங்கையும் சேர்த்து வஹீதுன்னிசாவே வாங்கிக்கொண்டாள் என்று அவர்கள் மகள் ஜோயா சொல்வாள். சேலத்தில் கல்லூரிக்குப் போகிற பெண் அது, வாய் அம்மாவைப் போல.

சைபுல்லாவுக்குச் சர்க்கரை வியாதி வந்து வருஷக்கணக்காயிற்று. விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கிற மிஷின் வீட்டில் உண்டு. மற்ற மாதங்களில் ஒழுங்காகப் பார்ப்பார். ரமலான் பிறை தெரிந்துவிட்டால் அந்த மிஷின் பீரோவுக்குள் போய்விடும். ரத்தம் எடுத்தால் நோன்பு முறிந்துவிடும் என்று யார் சொன்னார்களோ, சின்ன வயதிலேயே மனசில் ஒட்டிக்கொண்டுவிட்டது. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று வஹீதுன்னிசா வருஷா வருஷம் கத்துவாள். இதையெல்லாம் போய்க் கேட்டால் சிரிப்பார்கள் என்று அவர் நழுவிவிடுவார்.

போன வருஷ நோன்பில்தான் அந்த விளம்பரம் வந்தது. வந்த இடம்தான் முக்கியம். ஆபாசப் படத்துக்கு நடுவிலோ, சீட்டு விளையாட்டுக்கு நடுவிலோ வந்திருந்தால் சைபுல்லா திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். அது வந்தது தொழுகைக்கான பாங்கு நேரம் சொல்கிற ஆப்பில். விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுப்பிவிட்டு, நோன்பு திறக்கும் நேரத்தைக் காட்டுகிற அதே திரையில், கழுத்தில் ஸ்டெதஸ்கோப் மாட்டிய ஒருத்தன் தோன்றி நல்ல தமிழில் பேசினான். "ஊசி வேண்டாம், ரத்தம் வேண்டாம். கேமரா மேல் விரலை வையுங்கள், உங்கள் சுகர் தெரிந்துவிடும். நோன்பாளிகளும் கவலையில்லாமல் பார்க்கலாம்!"

நோன்பாளிகளும்! அந்த ஒரு சொல்லை யோசித்து யோசித்து எழுதியிருக்கிறான் பாருங்கள், எங்கேயோ ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு. எந்த மாதத்தில், எந்த ஆப்பில், எந்தப் பயத்தோடு ஆள் உட்கார்ந்திருப்பான் என்று கணக்குப் பார்த்துக் கண்ணி வைத்திருக்கிறான்.

"பாங்கு சொல்ற ஆப்புல பொய்யாவா போடுவாங்க?" என்றார் சைபுல்லா. அவன் சொன்ன சுகர் ஆப்பை இறக்கி விரலை வைத்தார். சிவப்புக் கோடு ஒன்று ஓடியது. "வாழ்த்துகள்! உங்கள் சுகர் சரியாக இருக்கிறது" என்று ஒரு பெண் குரல் பேசியது. வஹீதுன்னிசாவும் பக்கத்தில்தான் இருந்தாள். உளுந்தில் கல் பார்க்கிறவள், சிலிண்டரை எடை போட வைக்கிறவள், அவளும் தன் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "அப்பாடா, இனி உங்களோட மல்லுக்கட்ட வேண்டியதில்ல" என்று கஞ்சி ஊற்றப் போனாள்.

அந்த மாதம் முழுக்க வாழ்த்துகள்தான். சரியாகத்தான் இருக்கிறதே, பட்டினியில் சுகர் ரொம்ப இறங்கிவிடப் போகிறது என்று பயந்து சைபுல்லா மாத்திரையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். நடுவில் ஒரு நாள் தார்ப்பாய்க்கு அடிக்கிற பித்தளை வளையத்தின் துண்டு ஒன்று காலில் கீறியது. சின்னக் கீறல், அவருக்கு வலிக்கக்கூட இல்லை. பெருநாள் தொழுகைக்குச் செருப்புப் போட முடியாமல் கால் வீங்கியபோதுதான் சேலத்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் சுகர் நானூறுக்கு மேல் இருக்கிறது என்றார். கால் கறுத்துக்கொண்டே வந்தது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது.

அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துத்தான் வஹீதுன்னிசா அதைச் சொன்னாள். துக்கம் அவளுக்கு எப்போதும் கோபமாகத்தான் வெளியே வரும். "படிச்சுப் படிச்சுச் சொன்னனே, கண்ணு எங்க போச்சு உங்களுக்கு?" என்று ஸ்ட்ரெச்சரில் கிடந்த மனுஷனைப் பார்த்துக் கத்தினாள். அதற்குப் பிறகு யார் பார்க்க வந்தாலும் அவர் சொல்கிறது ஒன்றே ஒன்றுதான். "என் தப்புங்க. நாந்தான் பாக்காம உட்டுட்டேன்." ஹஜ்ரத் வந்து, விரலில் சொட்டு ரத்தம் எடுத்தால் நோன்பு முறியாதே, ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருக்கலாமே என்று வருத்தப்பட்டார். அவரிடமும் அதையேதான் சொன்னார்.

வஹீதுன்னிசாவுக்கு நெஞ்சில் முள் தைத்தது அங்கேதான். கால் போனது போகட்டும் என்று ஒரு நாளும் அவள் நினைத்ததில்லை. ஆனால் பொய் சொல்லிக் காலை எடுத்தவன் எங்கோ சுகமாக இருக்க, காலைக் கொடுத்தவர் தலை குனிந்து கிடப்பதை அவளால் பார்க்க முடியவில்லை. 'என் தப்பு' என்கிற அந்தச் சொல்லை அவர் வாயில் போட்டதே அவள்தான். அதை அவர் வாயிலிருந்து பிடுங்கி எறிந்தாக வேண்டும் அவளுக்கு.

முதலில் அந்தச் சுகர் ஆப்பிலேயே புகார் எழுதினாள். "உங்கள் கருத்துக்கு நன்றி, எங்களுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுங்கள்" என்று பதில் வந்தது. போனை விட்டெறியாமல் கீழே வைத்தது அவள் வாழ்க்கையில் செய்த பெரிய பொறுமை. பிறகு நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசினாள். எதிரில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டுப் புகாரைப் பதிந்துகொண்டாள். கம்பெனி அதற்குப் பதில் அனுப்பியது: 'இது பொழுதுபோக்குக்கான செயலி. மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று குறிப்பிடப்பட்டுள்ளது.'

"எங்கடி குறிப்பிட்டிருக்கான்?"

ஜோயா தேடித் தேடி, ஆப்பின் அடிவயிற்றில் எறும்பு ஊர்ந்த மாதிரி இங்கிலீஷில் இருந்ததைப் பெரிதாக்கிக் காட்டினாள். "பொய் சொல்றதுக்குத் தமிழு, நெசம் சொல்றதுக்கு இங்கிலீஷா?" என்றாள் வஹீதுன்னிசா. அன்றைக்கே வழக்குப் போடுவது என்று முடிவாயிற்று.

அதற்குள் விளம்பரம் மறைந்துவிட்டது. நோன்பு முடிந்ததும் அவனுக்கு அதில் வேலை இல்லை. விளம்பரத்தைக் காட்டாமல் வழக்கு நிற்காது என்றார் அவர்களுக்கு வக்கீலாக வந்த தமிழினி. வஹீதுன்னிசா காத்திருந்தாள். அடுத்த நோன்பு வந்தது. சமையல்கட்டில் வடை வெந்துகொண்டிருக்கும்போதும் சைபுல்லாவின் போனில் ஓடுகிற பாங்கு ஆப் முன்னால் ஜோயாவின் போனைப் பிடித்தபடியே நின்றாள். ஒரு சாயங்காலம் அதே ஸ்டெதஸ்கோப்காரன் அதே சிரிப்போடு வந்தான். முழுசாகப் படம் பிடித்தாள். பிடித்து முடித்ததும், தெருவுக்கே கேட்கும்படி அவனை ஒரு வசவு வைதாள். நோன்பு வாயோடு இப்படியா என்று ஜோயா பதறினாள். அல்லாவுக்குத் தெரியும் என்றாள் அவள்.

சைபுல்லா சேலத்து நுகர்வோர் ஆணையத்துக்கு வரவே மாட்டேன் என்றார். "போன்ல ரத்தம் பாத்தவன்னு ஊரே சிரிக்கும், வஹீதா. என் தப்பு என்னோட போகட்டும்."

"சிரிக்கிறவனை நான் பாத்துக்கறேன். நீங்க வந்து ஒக்காருங்க, போதும்."

வந்து உட்கார்ந்தார். செயற்கைக் காலை முன்னால் நீட்டி, தரையைப் பார்த்தபடி. கம்பெனிக்காகச் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஆபீஸ் வைத்திருக்கும் வக்கீல் ஒருவர் வந்திருந்தார். தமிழினி அந்த விளம்பரத்தைப் போட்டுக் காட்டினார். வக்கீல் அலட்டிக்கொள்ளவில்லை. இது ஒரு விளையாட்டு ஆப், அவ்வளவுதான் என்றார். "போன் கேமராவில் சுகர் தெரியும் என்று சாதாரண அறிவுள்ள எவரும் நம்ப மாட்டார்கள். மனுதாரர் தன்னுடைய கவனக்குறைவை என் கட்சிக்காரர் தலையில் கட்டப் பார்க்கிறார்."

வஹீதுன்னிசா எழுந்துவிட்டாள். அவள் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. சைபுல்லா குனிந்து செயற்கைக் காலின் பட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

அதைக் கழற்றி எடுத்தார். ஒற்றைக் காலில் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்று, ஆணையத்தின் தலைவர் அம்மாவைப் பார்த்து, "ஒரு நிமிசம் பொறுத்துக்கங்கம்மா" என்றார். அந்த அம்மா தலையசைத்தார். சாட்சிக்காக அழிக்காமல் வைத்திருந்த அந்த ஆப்பைத் தன் போனில் திறந்தார். வக்கீலின் முன்னால் மேஜை மேல் காலை வைத்து, அதன் ரப்பர் கட்டைவிரலில் கேமராவை அழுத்திப் பிடித்தார். சிவப்புக் கோடு ஓடியது.

"வாழ்த்துகள்! உங்கள் சுகர் சரியாக இருக்கிறது."

"கேட்டுதுங்களா?" என்றார் சைபுல்லா. "கேட்டுதான்னு சொல்லுங்க வக்கீல் சார்! என் நெசக் காலு சங்ககிரி கபர்ஸ்தான்ல கெடக்குது. வெள்ளைத் துணியில சுத்திக் கொண்டுபோயிப் பொதைச்சாங்க. எனக்கு முன்னாடி என் காலு மண்ணுக்குள்ள போயிருச்சு. அது அழுகிட்டிருந்த அன்னிக்கும் உங்க ஆப்பு எனக்கு வாழ்த்துதான் சொல்லுச்சு. அறிவில்லாதவன்னு சொல்றீங்களா என்னை? எங்க பயத்தைத் தெரிஞ்சு வெச்சிட்டு, எங்க பாங்கு நேரத்துல வந்து பொய் சொன்னீங்க. அது உங்க தப்பு! என் தப்பு இல்ல!"

கடைசிச் சொல்லுக்கு மேஜையை ஓங்கித் தட்டினார். வாசலில் இருந்த பியூன் உள்ளே எட்டிப் பார்த்தார். "மெதுவாப் பேசுங்க, பெரியவரே" என்றார் வக்கீல்.

இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் குரல் உயர்த்தி வஹீதுன்னிசா கேட்டதில்லை. அவர் விழுந்துவிடாமல் இருக்கத் தன் தோளைக் கொடுத்துப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"மெதுவாப் பேசாதீங்க" என்றாள்.