யாரால் அடைக்கப்பட்டாள்?

கன்ஃபைன் என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு அகராதியில் 'அடைத்துவை' என்று பொருள் போட்டிருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சொல்லின் மேல் என்ன குற்றம்? அது பாட்டுக்குக் கிடக்கிறது. என் கோபமெல்லாம் மனுசர்கள் மேல்தான்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. நிவித்திகலைக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளில் கடைசி வீடு எங்களுடையது. அக்காவுக்குப் பதினாலு. இரத்தினபுரியில் நடக்கவிருந்த ஆங்கிலப் பேச்சுப் போட்டிக்கு எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து முதன்முதலாகத் தேர்வானவள் அவள்தான். கொழுந்து பறிக்கிறவர்களுக்கும் பாடமாகிவிடும் அளவுக்குக் கத்திக் கத்திப் பழகினாள். போட்டிக்கு ஐந்து நாள் இருக்கும்போது பெரிய பிள்ளையானாள்.

அவ்வளவுதான். பின்பக்கத்தில் விறகு போட்டிருந்த சின்ன அறையைக் காலி செய்து, அவளை அதற்குள் உட்கார வைத்தார்கள். தனித் தட்டு, தனித் தம்ளர், தலைமாட்டில் ஒரு கத்தி. பதினாறு நாளைக்கு எந்த ஆம்பளை கண்ணிலும் படக்கூடாதாம். போட்டி என்னாவது என்று அம்மா கேட்டதற்கு, "தீட்டோட மேடையில ஏறுறதா? நாலு பேரு என்ன பேசுவாங்க?" என்றார் அப்பா. மாமா அதற்கு மேலே போனார்: "அடுத்த வருசம் பேசிக்கிட்டாப் போச்சு." அடுத்த வருசம் அவள் வயதுக்கு அந்தப் போட்டியே கிடையாது. அது அந்த மனுசனுக்குத் தெரியவும் தெரியாது, தெரிந்துகொள்ள அக்கறையும் இல்லை. சடங்குச் சேலை என்ன நிறம் என்பதைப் பற்றி மட்டும் மூன்று நாள் பேசினார்.

எனக்கோ தலைகால் புரியாத பெருமை. அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போனபின் அக்காவுக்குச் சோறு கொடுப்பதும், கதவை வெளியே கொண்டி மாட்டிப் பூட்டுவதும் என் பொறுப்பு. அதுவரை என்னை நம்பி யாரும் ஒரு கோழியைக்கூட ஒப்படைத்ததில்லை.

போட்டி சனிக்கிழமை. காலையில் அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போனதும் அக்கா உள்ளேயிருந்து கூப்பிட்டாள். இடுக்கு வழியாகப் பார்த்தேன். பள்ளிக்கூட வெள்ளைக் கவுன் போட்டு, டை கட்டி நின்றாள். முந்தின நாள் எதற்கென்று கேட்காமல் அவற்றை எடுத்துக் கொடுத்தவளே நான்தான்.

"பாப்பா, கொண்டிய எடுத்து விடுடி. ஏழு மணி பஸ் போயிரும்."

"அம்மா ஏசுவாங்க."

"நான் சொல்லிக்கிறேன். அவங்க மலையில இருந்து வாறதுக்குள்ள வந்து இதே எடத்துல உக்காந்துக்குறேன்டி."

"மாட்டேன், போ!"

கீழே வளைவில் பஸ் நின்றதும், கொண்டக்டர் "ரத்னபுர, ரத்னபுர" என்று கத்தியதும் எங்கள் இருவருக்கும் கேட்டது. பிறகு பஸ் போய்விட்டது. அக்கா அழவில்லை. இன்றைக்கு அந்தப் பாப்பா என் கையில் கிடைத்தால் கன்னத்தில் ஒன்று வைப்பேன்.

திங்கட்கிழமை ஆங்கில வாத்தியார், எங்கள் சேர், ஐந்து வினைச்சொற்களைக் கொடுத்து, செயப்பாட்டு வினையில் வாக்கியம் எழுதி வரச் சொன்னார். கன்ஃபைன் என்றால் என்ன என்று கதவுக்கு வெளியே இருந்து அக்காவிடம் கேட்டேன்.

"நான்தான்டி" என்று சிரித்தாள். பிறகு எழுதிக்கொள்ளச் சொன்னாள்: மை சிஸ்டர் இஸ் கன்ஃபைன்ட் டு எ ரூம். என் அக்கா ஓர் அறைக்குள் அடைக்கப்பட்டிருக்கிறாள்.

மறுநாள் வகுப்பில் சேர் அதை வாசித்தார். அக்காவைப் போட்டிக்குத் தேர்ந்தெடுத்தவரே அவர்தான். அவள் ஏன் வரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்டாரா? "இது கைதியையும் மாட்டையும் பத்திச் சொல்ற வார்த்தை. ஆனா கிரமர் சரி. யாராலன்னுதான் இல்ல. 'பை' போட்டு முடிச்சிட்டு வா" என்று கொப்பியைத் திருப்பித் தந்தார். கிரமராம், கிரமர்!

அன்று மாலை மறுபடியும் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "யாராலன்னு போடணுமாம். அம்மான்னு எழுதவா, அப்பான்னு எழுதவா, மாமான்னு எழுதவா?"

அக்கா கதவோரமாக நகர்ந்து வந்தாள்.

"'பை மீ'ன்னு எழுது."

எங்கள் புத்தகத்து வாக்கியங்களிலெல்லாம் ஐ, மீ என்றுதான் வரும். அதனால் எனக்கு அதில் வித்தியாசமாக ஒன்றும் படவில்லை. குண்டு குண்டாக எழுதி, முற்றுப்புள்ளியும் வைத்தேன். மறுநாள் சேர் சிவப்புப் பேனாவால் பெரிதாகச் சரி போட்டு, வெரி குட் என்று எழுதித் தந்தார்.

வீட்டுக்கு ஓடிவந்து, கொண்டியை எடுத்து, கொப்பியை அக்காவிடம் நீட்டினேன். அவள் அந்த வரியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா பாப்பா, சரிதான்" என்றாள்.

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. கொப்பியை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, கொண்டியை மாட்டினேன்.