சுண்டிக்குளத்தில் கருங்கழுத்து நாரையைப் படமெடுத்த இரண்டு நாட்கள்

சுண்டிக்குளத்துக்கு எப்படிப் போவது, பறவைகளை அங்கே கிட்டப் படமெடுக்க முடியுமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நான் அங்கே முறையாகப் படமெடுக்கப் போனது ஒரே ஒரு தடவைதான்: 1983 மாசி மாதம், ஒரு சனியும் ஞாயிறும். என் ஞாபகத்தை நான் முழுதாக நம்புவதில்லை. ஆகவே அன்றைய குறிப்புப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதுகிறேன். நேரங்களும் தூரங்களும் அதிலிருந்து எடுத்தவை.

போன காரணம் இதுதான். முந்தின வருடம் மாணவர்களைச் சுற்றுலா கூட்டிப் போனபோது, கடல்நீரேரியின் ஓரத்தில் தனியாக நின்ற ஓர் உயரமான பறவையைப் பார்த்தேன். சிவந்த கால், கறுத்த தடித்த அலகு, வெயிலில் நீலமும் பச்சையுமாக மின்னிய கழுத்து. கருங்கழுத்து நாரை என்று எனக்குப் பட்டது. இலங்கையில் அது அப்போதே மிக அரிது. வடக்கில் காண்பது அதனிலும் அரிது. கொழும்பில் இருந்த ஒரு பறவையியல் சங்கத்துக்கு எழுதினேன். மரியாதையான பதில் வந்தது. நான் கண்டது சங்குவளை நாரையாக இருக்கலாம், தூரத்தில் பார்ப்பவர்களுக்கு இப்படி நேர்வதுண்டு என்று எழுதியிருந்தார்கள். வாசித்து முடித்தபோது நானும் அவர்கள் பக்கம் பாதி சாய்ந்துவிட்டேன். நான் பௌதிகம் படிப்பித்தவன். பறவைகள் என் துறையல்ல. ஆனாலும் மற்றப் பாதி விடவில்லை. ஒரு படம் வேண்டும். படம் இல்லாவிட்டால் அந்தப் பறவையைக் கண்டதாக இனி எவரிடமும் சொல்வதில்லை என்று முடிவுசெய்துகொண்டேன்.

என்னிடம் இருந்தது சாதாரண கமரா. யாழ்ப்பாணத்தில் ஸ்ரூடியோ வைத்திருந்த ஒரு நண்பர் தன்னுடைய 200 மில்லிமீற்றர் லென்சை இரவல் தந்தார். திங்கட்கிழமை அவருக்கு ஒரு கலியாண வீடு இருந்தது. "மாஸ்டர், ஞாயிறு பின்னேரம் லென்ஸ் இஞ்சை நிக்கவேணும். நீங்கள் நிக்காட்டிலும் பரவாயில்லை" என்றார்.

சனி காலை 6.10க்கு யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் பஸ் ஏறினேன். சைக்கிளைக் கூரையில் போட்டார்கள். இயக்கச்சி வரை எனக்கு ஆறு ரூபாய் ஐம்பது சதம், சைக்கிளுக்கு இரண்டு ரூபாய். நான் லென்ஸ் இருந்த தோள்பையை நெஞ்சோடு அணைத்தபடி இருந்ததைக் கண்ட நடத்துனர், "பிள்ளையை மடியிலை வச்சிருக்கிறியளோ, அதுக்கும் டிக்கெட் கிழிக்கவோ?" என்று கேட்டார். பஸ்ஸில் பாதிப்பேர் சிரித்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

8.05க்கு இயக்கச்சி. அங்கிருந்து கட்டைக்காடு ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர், சைக்கிளில் ஒன்றேகால் மணித்தியாலம். அதற்குப் பிறகு சுண்டிக்குளம் வரை ஒன்பது கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். முழுக்க மணல். சைக்கிளை ஓடியதைவிட உருட்டியதே அதிகம். பன்னிரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் மரியதாஸ் வீட்டுக்குப் போய்ச்சேர்ந்தேன். மரியதாஸ் கடல்நீரேரியில் வீச்சுவலையால் இறால் பிடிப்பவர். ஐம்பது வயதிருக்கும். முந்தின வருடம் முப்பத்திரண்டு மாணவர்களுக்கும் குடிக்கத் தண்ணீர் தந்தவர். அவருடைய மனைவி திரேசம்மா சோறும் இறால் குழம்பும் தந்தார். காசு வாங்கவில்லை.

அன்று பின்னேரம் நான் பறவைகள் காணாமல் ஒளிந்திருக்க ஒரு மறைப்புக் கட்டினேன். காட்டுயிர்ப் படம் எடுப்பது பற்றிய ஒரு புத்தகத்தில் அளவுகளோடு வாசித்துப் படமும் வரைந்து வைத்திருந்தேன்: நான்கடி அகலம், நான்கரை அடி உயரம், முன்பக்கம் லென்சுக்கு ஒரு துவாரம். பறவைகள் இரை தேடும் ஓரத்திலிருந்து முப்பது அடி தள்ளித் தடிகளை நட்டேன். பனையோலைகளை மரியதாஸ்தான் தூக்கிவந்து தந்தார். நான் அளந்து கட்டுவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். பிறகு வீட்டுக்குப் போய்விட்டார்.

ஞாயிறு அதிகாலை 5.20க்கு உள்ளே புகுந்து குந்தினேன். விடிந்தது. பூநாரைகள் வந்து தூரத்தில் இறங்கின; சங்குவளை நாரைகளும் கரண்டிவாயன்களும் வந்தன. எல்லாம் மறைப்பின் பக்கமாகப் பறந்துவந்து, ஏதோ நினைவு வந்ததுபோல் திரும்பி, நானூறு யார் தூரத்துக்கு அப்பால் இறங்கின. 7.15க்கு அது வந்தது. தனியாக, கழுத்தை நீட்டி, சிவந்த கால்கள் பின்னால் தொங்க, என் தலைக்கு மேலாக ஒரு வட்டம் போட்டது. அதுவும் அக்கரைக்குப் போய்விட்டது. லென்சுக்குள் அது ஒரு குண்டூசித் தலையளவு. 8.40 வரை ஒரு படமும் எடுக்கவில்லை. இயக்கச்சியில் என் பஸ் பிற்பகல் 3.40க்கு. பதினொன்றரைக்காவது நான் புறப்பட்டாக வேண்டும்.

அப்போது திரேசம்மா தேத்தண்ணியோடு வந்தார். பின்னால் வலையைத் தோளில் போட்டபடி மரியதாஸ்.

"பொந்துக்கை இருக்கிற உடும்பு மாதிரி இருக்கிறியள், மாஸ்டர். வெளியிலை வாங்கோ, தேத்தண்ணி ஆறுது" என்றார் திரேசம்மா.

"ஒண்டும் கிட்ட வரேல்லை" என்றேன்.

"எப்பிடி வரும்? வராதெண்டு இவர் நேற்றே எனக்குச் சொன்னவர். உங்களுக்குச் சொல்ல வெக்கமாம்."

நான் மரியதாசைப் பார்த்தேன். அவர் வலையின் ஈயக்குண்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நீங்கள் படிப்பிக்கிறவர். அளந்து அளந்து கட்டினியள். புத்தகத்திலை இருக்காக்கும் எண்டு நினைச்சன்."

"புத்தகத்திலைதான் இருக்குது."

"அப்ப அந்தப் புத்தகத்தை எழுதினவனும் துவக்குக்காரன்தான்" என்றார் திரேசம்மா.

மரியதாஸ் பிறகுதான் விளக்கினார். சரணாலயம் என்று பலகை இருந்தாலும், இடியன் துவக்கு என்ற நாட்டுத் துப்பாக்கியோடு களவாகச் சுட வருபவர்கள் ஓலைக்குப் பின்னால்தான் குந்தியிருப்பார்களாம். "குருவிக்கு ஓலை எண்டால் துவக்கு. ஒளிச்சிருக்கிறவனுக்குத்தான் அது பயம். என்னைப் பாருங்கோ, நான் வலை எறிய எறிய அது எனக்குப் பின்னாலை மீன் பொறுக்கும். எழும்பி என்னோடை நடவுங்கோ."

"என்னைக் காணுமே?"

"காணட்டும். காணத்தானே வேணும்."

கூட்டங்களில் எப்போதும் கடைசி வாங்கில் இருந்து பழகியவன் நான். ஒரு பறவைக்கு முன்னால் நிமிர்ந்து நடந்துபோவதுகூட எனக்குக் கூச்சமாக இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். திரேசம்மா உடுக்க ஒரு சாரத்தைத் தந்தார். மரியதாஸ் இறால் போடும் ஓலைப் பறியை என் இடுப்பில் கட்டினார். இரவல் லென்ஸ் பூட்டிய கமராவைத் துவாயில் சுற்றி அந்தப் பறிக்குள் வைத்தேன். இதை ஸ்ரூடியோ நண்பருக்கு நான் ஒருபோதும் சொல்லவில்லை.

9.05க்குத் தண்ணீரில் இறங்கி, நாரை நின்ற அக்கரைப் பக்கமாக நடந்தோம். முழங்காலளவு ஆழம். "அதைப் பாக்காதேங்கோ. சும்மா கதைச்சுக்கொண்டு வாங்கோ" என்றார் மரியதாஸ்.

"என்னத்தைக் கதைக்கிறது?"

"வகுப்பிலை கதைக்கிறதைக் கதையுங்கோ."

எனக்கு வேறொன்றும் வாயில் வரவில்லை. தண்ணீருக்குள் நிற்கும் தடி ஏன் முறிந்ததுபோல் தெரிகிறது என்று ஒளிமுறிவைத் தொடங்கினேன். அவர் ஒவ்வொரு எறிக்கும் நடுவில் "ஓம்" சொன்னார்.

"அப்ப இறாலும் நாங்கள் காணிற இடத்திலை இல்லை?"

"இல்லை. கொஞ்சம் கீழை, எங்களுக்குக் கிட்ட இருக்கும்."

"அது தெரியும். அதுதான் வலையைக் கொஞ்சம் இஞ்சாலை எறியிறது."

இருபது வருடம் கரும்பலகையில் வரைந்த கோடுகளை அவர் அன்று ஒரே எறியில் போட்டுக் காட்டினார்.

அறுபது அடி எடுத்துவைக்கும் தூரத்தில் நாரை தலையை உயர்த்தியது. என் கால்கள் தாமாக நின்றன. "நிக்காதேங்கோ" என்றார் மரியதாஸ், குரலை மாற்றாமல். நடந்தோம். ஒளிமுறிவு முடிந்து அடுத்த பாடமான முழுவுட்தெறிப்புக்கு வந்திருந்தேன். இருபத்தைந்து அடி எடுத்துவைக்கும் தூரம் வந்தபோது, பழைய வலைத்தடி ஒன்றின் அருகே அது எங்களைப் பொருட்படுத்தாமல் நின்றது. நான் கதைத்துக்கொண்டே கமராவை எடுத்தேன். ஒன்பது படங்கள். வேகம் ஒரு செக்கனில் 250இல் ஒரு பங்கு, லென்சின் துவாரம் எட்டு. மரியதாஸ் வலையை எறிந்தார். கலங்கிய தண்ணீரிலிருந்து நாரை ஒரு மீனைக் கொத்தி விழுங்கியது. அப்போது அதன் கண்ணைப் பார்த்தேன். மஞ்சள். ஆணுக்குக் கண் கடும் மண்ணிறம், இது பெண். பதினொரு நிமிடம் நின்றுவிட்டு, தனக்கு வேண்டிய நேரத்தில் எழும்பிப் பறந்தது.

அது போனபிறகு வலைத்தடியை அளந்தேன். அடிமணலிலிருந்து நான்கடி மூன்றங்குலம். நிமிர்ந்து நின்றபோது அதன் தலை தடிக்கு இரண்டு விரல் மேலே இருந்தது. எந்தச் சங்குவளை நாரையும் அந்த உயரம் வராது. மறைப்பை மூவருமாகப் பிரித்தோம். ஓலைகளைத் திரேசம்மா அடுப்புக்கு எடுத்துக்கொண்டார். 11.25க்குப் புறப்பட்டு 3.40 பஸ்ஸைப் பிடித்தேன். ஸ்ரூடியோ நண்பர் லென்சை வாங்கி முகர்ந்துபார்த்தார்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். அந்த இடம் இப்போது தேசியப் பூங்கா. இடையில் பல வருடங்கள் எவரும் போகமுடியாமல் இருந்தது. ஆகவே என்னுடைய கட்டணங்களையும் நேரங்களையும் நம்பாமல் அலுவலகத்தில் விசாரித்துப் போங்கள். தையும் மாசியும் நல்ல மாதங்கள். காலை ஆறரைக்கும் ஒன்பதரைக்கும் இடையில் வெளிச்சம் சரியாக இருக்கும். கட்டைக்காடு தாண்டினால் தண்ணீர் கிடைப்பது அரிது; ஆளுக்கு மூன்று லீற்றராவது வேண்டும். மறைப்புக் கட்டாதீர்கள். அங்கே தொழில் செய்பவர்களிடம் முதலில் கேளுங்கள். கேட்டால்தான் சொல்வார்கள், மரியாதை காரணமாகச் சொல்லாமல் விடுகிறவர்களும் உண்டு. கருங்கழுத்து நாரையைக் காண்பீர்கள் என்று என்னால் சொல்லமுடியாது. நான் பிறகு ஒருபோதும் காணவில்லை.

ஒன்பது படங்களில் நான்கு ஆடிப்போயிருந்தன. நான்கில் தலை தண்ணீருக்குள் இருந்தது. ஏழாவது மட்டும் சரி. நாரை நிமிர்ந்து தடியருகே நிற்கிறது. கறுப்பு வெள்ளைப் படத்திலும் கண் ஒரு வெளிறிய பொட்டாகத் தெரிகிறது. இடது ஓரத்தில் வீசிய வலையும் மரியதாசின் கையும். தடியின் அளவையும் எழுதிச் சங்கத்துக்கு அனுப்பினேன். மூன்று வாரத்தில் பதில் வந்தது. என் அவதானிப்பை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். படத்தைத் தங்கள் சஞ்சிகையில் போடுவதாகவும், ஓரத்தில் இருக்கும் கையை வெட்டிவிடுவதாகவும் எழுதியிருந்தார்கள்.

நான் நான்கு தடவை எழுதிக் கிழித்து ஐந்தாவது கடிதத்தை அனுப்பினேன். கை இருக்கவேண்டும், அந்தக் கை இல்லாமல் அந்தப் படம் இல்லை, வெட்டுவதானால் படத்தைத் திருப்பி அனுப்புங்கள் என்று. தபாற்பெட்டிக்குள் போட்டபிறகு அதை வெளியே எடுக்க வழியிருக்கிறதா என்றும் பார்த்தேன். சித்திரை இதழில் படம் முழுதாக வந்தது. கீழே என் பேரும் மரியதாசின் பேரும் இருந்தன.

வைகாசியில் சஞ்சிகையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மரியதாஸ் அதைத் தூரமாகப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "குருவி நல்லா விழுந்திருக்கு. வலைதான் சரியா விரியேல்லை. உந்த ஓரத்தை ஏன் வெட்டாமல் விட்டவை?"

"வெட்டப்போறம் எண்டுதான் எழுதினவை. நான் விடேல்லை."

"மாஸ்டரும் சண்டை பிடிப்பாரோ?" என்றார் திரேசம்மா.

"ஓம்" என்றேன்.