ஆடு மேய்ந்த மரம்

எண்பதுகளின் தொடக்கத்தில் என் கணவர் எங்கள் சாப்பாட்டு மேசை முழுக்கப் பொம்மை ரயில் பாதை போட்டார். நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம், எனக்கு எரிச்சல்தான். ஒருநாள் கப்பலூரிலிருந்து, எரிந்துபோன மோட்டாரின் செம்புக் கம்பியை வாங்கி வந்தார். அதை முறுக்கி, மரக்கொப்புகளாகப் பிரித்துவிட்டு, பச்சைச் சாயமிட்ட மரத்தூளை ஒட்டினார். அசல் வேலமரம்! உடனே குறட்டால் கீழ்க்கொப்புகளை நறுக்கத் தொடங்கினார்.

“ஏங்க, கிறுக்கா புடிச்சிருக்கு? அம்புட்டு அழகா இருந்துச்சே!” என்று கத்தினேன்.

“நம்ம பேரையூர்ப் பக்கம் ஆடு எட்டுற உசரத்துல எந்த மரத்துல எலை இருக்கு?” என்றார், நிமிராமலே.

மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். ரயிலை அவர் கவனிக்கவே இல்லை. குனிந்து மரத்தடியில் எதையோ தேடினார்.

“ஆட்டையெல்லாம் எங்கம்மா காணோம்?”