கடைச்சுவரில் ஒரு வெள்ளைக்காரி

அடுத்தவர் முகத்துக்கெல்லாம் கண்ணாடி போட்டுப் பளபளவென்று அனுப்பி வைப்பதுதான் படத்துக்கு ஃப்ரேம் போடும் கடைக்காரர் பிழைப்பு. புருஷனோடு ஒரே கடையில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் பெண்களே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குத்தான் புரியும்.

வந்தாள்

கிளென்மார்கன் பக்கம் ஒரு எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது, என் வீட்டுக்காரர் பழைய ஃப்ரேம்களை மொத்தமாக அள்ளிக்கொண்டு குன்னூர் கடைக்கு வந்தார். ஒன்றில் அந்த வெள்ளைக்காரி இருந்தாள். செம்புத் தகட்டில் மெல்லிய கோடுகளாகச் செதுக்கி அச்சடித்த படம். லேஸ் காலர், கையில் விசிறி, யாரையும் மதிக்காத பார்வை. தாளை எறிந்துவிட்டு மரத்தை எடுத்துக்கொள்ளலாம் என்றேன். என் கழுத்தைப் பற்றி ஒரு நாளும் வாய் திறக்காத மனுஷன் சொன்னார்: "அந்தக் கழுத்தப் பாரு புள்ள, என்ன ஒரு நெளிவு."

பல்பு

மழைக்காலத்தில் இங்கே தாளெல்லாம் பூஞ்சை பிடிக்கும். அதனால் கடை அலமாரியில் ஒரு பல்பை எரியவிட்டு, நல்ல படங்களை அந்தச் சூட்டில் வைப்போம். இந்த வருஷம் அந்த இடம் அவளுக்கு. வீட்டில் எங்கள் கல்யாணப் போட்டோவில் என் முகத்தின் மேல் பூஞ்சை படர்ந்து கிடந்தது. பொறாமைதான், மறைப்பானேன். மறுநாளே கம்பளிக் குல்லாயைக் கழற்றி எறிந்து, காது விறைக்க, பூ வைத்து, நீலப் புடவை கட்டிக் கடைக்குப் போனேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கல்யாணப் போட்டோவையும் பல்புப் பக்கத்தில் வைக்கச் சொன்னதற்கு வந்த பதில்: "அது ஊட்டுலதான இருக்குது, எங்க போயிரப் போவுது?"

கூட்டாளி

மழை விட்டதும் அவள் கடைச்சுவர் ஆணிக்கு ஏறினாள். கோயமுத்தூரிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். கணவர் அவள் முன்னால் நின்றவர் நகரவே இல்லை. விற்பதற்கில்லை என்று என்னவர் சொல்லி முடிப்பதற்குள், பாதி விலைக்குத் தருவதாக நான் முந்திக்கொண்டேன். அந்த அம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "ஏனுங்க்கா, உங்க ஊட்டுத் தொல்லைய எங்க ஊட்டுக்கு அனுப்பறீங்களா?"

போனாள்

ஒரு நாள் அவர் கண்ணாடி வாங்கக் கீழே கோயமுத்தூருக்குப் போயிருந்தார். விடுதிக்குப் படம் தேடி ஒரு பெண் வந்தார். விலையைக்கூடப் பேசாமல், கொடுத்த காசை வாங்கிக்கொண்டு அவளைத் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டேன்.

சாயங்காலம் வந்தவர் வெறும் ஆணியைப் பார்த்தார். நான் சண்டைக்குத் தயாராக நின்றேன். அவரோ ஃபிளாஸ்க்கைத் திறந்து இருவருக்கும் டீ ஊற்றினார். "போனாப் போவட்டும். அவ வந்த பின்னாலதான் நீ நீலப் பொடவையும் பூவுமா வந்த. நாளையிலிருந்து மறுபடி குல்லாயா?"

அவளை விற்றுத் தொலைத்தது நான்தான். ஆனாலும் காது விறைக்க விறைக்கப் பூ வைத்துக்கொண்டு கடைக்குப் போவதை மட்டும் இன்றுவரை நிறுத்த முடியவில்லை.