ஜேசனுக்கு எப்படித் தெரியும்?

இன்று மகள் என்னைப் படத்துக்கு அழைத்துப் போனாள். படத்தில் தமிழ்ப் பெண் சீனப் பையனைக் காதலிக்கிறாள். அப்பா அவளை வீட்டைவிட்டே துரத்துகிறார். அரங்கமே அழுதது, நான் மட்டும் சிங்கம்போல் உட்கார்ந்திருந்தேன்.

மகள் திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்தாள்.

வெளியே ஒரு சீனப் பையன் நின்றான். "கூட வேலை செய்றவருப்பா, ஜேசன். சும்மா வந்தாரு லா."

பக்கத்து மாமாக் தேநீர்க்கடையில் உட்கார்ந்தோம். நான் வாய் திறக்குமுன், "அங்கிளுக்கு தே ஓ கோசோங்" என்று பாலும் சீனியும் இல்லாத தேநீர் சொன்னான் அவன்.

எனக்குச் சீனி ஆகாதென்று என் தம்பிக்கே தெரியாது!

"நீங்களும் அப்படித் துரத்துவீங்களாப்பா?" என்றாள் மகள்.

"அந்த அப்பனுக்கு நடிக்கவே தெரியல. நான் நடிச்சிருந்தா விருதே கெடச்சிருக்கும்."

இரண்டாவது தேநீரையும் அவனே சொன்னான். குடித்துவிட்டேன்.

மகளைப் பெற்ற நண்பர்களே, இதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்களோ?