வீட்டு வேலை என்று நான் எழுதியது

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு என்னை அனுப்பியபோது நான் காஞ்சிபுரத்துக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளையார்பாளையத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. அம்மா இறந்த பிறகு தெற்கே இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, வேலை கிடைத்த ஊருக்கு ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து சேர்ந்தவள். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் எனக்கு ஓர் அறை. வீட்டுக்காரர்கள் நல்லவர்கள்தான். ஆனால் என்னிடம் அவர்கள் கேட்பது இரண்டே கேள்விகள்: தண்ணீர் பிடித்தாயிற்றா, பின்கதவைத் தாழ் போட்டாயிற்றா. சனிக்கிழமை பள்ளி விட்டு வந்தால், திங்கட்கிழமை காலையில் வருகைப் பதிவு கூப்பிடும்போதுதான் என் குரலை நானே மறுபடி கேட்பேன்.

அதனால் மற்ற ஆசிரியர்கள் சலித்துக்கொண்ட அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. ஒவ்வொரு வாசலிலும் போய் நிற்பதற்கு ஒரு காரணம் கிடைத்தது. உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார்கள், மோர் கொடுத்தார்கள். பெயர், வயது, படிப்பு, தொழில் என்று நான் கேட்கக் கேட்க மனிதர்கள் பதில் சொன்னார்கள்.

பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு நெசவாளர் வீடு. கணவர் தறிக்குழியில் கால்களை விட்டு உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். மனைவிக்கு என் வயதுதான் இருக்கும். சுவரோரம் ராட்டையைச் சுழற்றி, தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் போடும் சின்னக் குழல்களில் பட்டிழை சுற்றிக்கொண்டிருந்தாள். தார் சுற்றுவது என்று சொல்வார்கள். தவழும் பெண் குழந்தை ஒன்றைப் பழைய புடவைத் துணியால் இடுப்பில் கட்டித் தூணோடு முடிந்திருந்தார்கள். குழந்தை அந்தத் துணியின் நீளம் வரைக்கும் தவழ்ந்து வரும், இழுபடும், திரும்பிப் போகும்.

"ஏன் கட்டி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"அவுத்து வுட்டா குழில வுழுந்துடும்மா" என்றாள் அவள், ராட்டையை நிறுத்தாமல்.

மற்ற கேள்விகளையெல்லாம் நான் கணவரிடம் கேட்டேன். அவர் தொழில் நெசவு. "உங்க சம்சாரம்?" என்றேன். "அது வூட்லதாம்மா இருக்குது" என்றார். வீட்டு வேலை என்று எழுதினேன். அதற்குக் கீழே, வேறு வேலை ஏதாவது செய்கிறாரா என்று கேட்பதற்கு ஓர் இடம் இருந்தது. முடிக்க வேண்டிய வீடுகள் இன்னும் நிறைய இருந்தன. கேட்காமலே, எதுவுமில்லை என்று ஒரு கோடு போட்டுவிட்டு எழுந்தேன். அந்தத் தெருவில் ஏறக்குறைய எல்லாப் பெண்களுக்கும் அப்படித்தான் கோடு போட்டேன்.

என் அறைக்குக் கணக்கெடுக்க வந்தவர் வேறொரு பள்ளியின் ஆசிரியர்.

"குடும்பத் தலைவர்?"

"நான்தான்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

அவர் ஒருமுறை அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு எழுதினார். நான் காபிக்குப் பால் வாங்கி வைத்திருந்தேன். நேரமில்லை என்று சொல்லிவிட்டார். இரண்டு நிமிஷத்தில் என் கணக்கு முடிந்துவிட்டது. அவர் போன பிறகு, இன்னும் நாலு கேள்வி கேட்டிருக்கலாமே என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

இரண்டு மூன்று வருஷம் போயிற்று. ஒருநாள் பள்ளி விடும் நேரத்தில் அதே பெண் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஊரில் சில இடங்களில் பால்வாடி திறக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவளும் அக்கம்பக்கத்துப் பெண்களும் மனு எழுதிக்கொண்டு அரசு அலுவலகத்துக்குப் போயிருக்கிறார்கள். அங்கே இருந்த அதிகாரி மனுவை வாங்கவே இல்லையாம்.

"உங்க பக்கத்துல பொம்பளைங்க யாரும் வேலைக்கே போறதில்லையே, வூட்ல இருக்கறவங்களுக்கு எதுக்குமா பால்வாடின்னு கேக்கறாரு. அரசாங்கக் கணக்குலயே அப்படித்தான் இருக்குதாம். அது இன்னா கணக்கு டீச்சரம்மா? யாரு எடுத்தாங்க?"

நான் வீடு வீடாக வந்து எழுதிப் போனதுதான் அந்தக் கணக்கு என்று அவளுக்குத் தெரியவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

மறுநாள் நூலகத்துக்குப் போனேன். எங்கள் மாவட்டத்தின் கணக்கெடுப்புப் புத்தகம் அடித்தட்டில் இருந்தது. பல பக்கங்கள் ஓரம் வெட்டப்படாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. "இத இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லமா" என்று சொல்லி நூலகர் ஒரு மர ஸ்கேலைக் கொடுத்தார். அதைக் கத்தியாக வைத்துப் பக்கம் பக்கமாகப் பிரித்தேன். எங்கள் வார்டு வந்தது. வீட்டிலிருந்தே நெசவு போன்ற தொழில் செய்பவர்கள்: ஆண்கள், பெண்கள். பெண்களுக்கான கட்டத்தில் இருந்த எண் அவ்வளவு சின்னது. விரலை வைத்து இரண்டு முறை பார்த்தேன். அச்சுப் பிழை இல்லை. நான் போட்ட கோடுகளும் என்னைப் போன்றவர்கள் போட்ட கோடுகளும் சேர்ந்து அந்த எண்ணாகியிருந்தன.

அதை அவளிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஒரு வாரம் அப்படித்தான் இருந்தேன். பிறகு அவள் வீட்டுக்கே போனேன்.

"அந்தக் கணக்கை எடுத்தது நான்தான்" என்றேன்.

ராட்டை நின்றது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீ வந்தியே, ஞாபகம் இருக்குது. நான் தார் சுத்திக்கினு இருந்தேன். உங்கூட பேசிக்கினே சுத்திக்கினு இருந்தேன். அத பாத்துட்டுதானம்மா அப்படி எழுதினே?"

"ஆமாம்."

"என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

அவள் அதைச் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அவள் கத்தியிருந்தால் நானும் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். எழுந்து வந்துவிட்டேன். இனி அவள் முகத்தில் விழிக்க முடியாது என்றுதான் நினைத்தேன்.

ஆனால் அடுத்த சனிக்கிழமை மதியம் அவள் நாலு பெண்களோடு பள்ளிக்கு வந்தாள். "அந்தப் புஸ்தகத்துல இன்னும் இன்னா இன்னா எழுதி இருக்குது? படிச்சு சொல்லு" என்றாள்.

புத்தகத்தை வெளியே தரமாட்டார்கள். வார நாட்களில் மாலையில் நூலகத்தில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொள்வேன். சனிக்கிழமை மதியம் முதல் வகுப்புக் கரும்பலகையில் எழுதி, வாய்விட்டுப் படிப்பேன். எந்த வார்டில் எத்தனை வீடு, எத்தனை பேர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், பள்ளிக்கூடங்கள் எத்தனை. பெண்கள் குழந்தைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து கேட்டார்கள்.

"இது எந்தக் கட்சி புஸ்தகம்மா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"கட்சி இல்லை. அரசாங்கம் போட்டது."

"அரசாங்கமே கட்சிதானே?"

"ஆட்சி மாறினாலும் இந்தக் கணக்கு மாறாதும்மா."

"தப்பா இருந்தாலும் மாறாதா?" என்றாள் தார் சுற்றும் பெண். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்படி நாலு பேரோடு சேர்ந்து சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் நினைத்தேன்.

தப்பை எங்கே சொல்வது என்று அவர்களே யோசித்தார்கள். ஒவ்வொருத்தியும் தன் தெருவில் வீடு வீடாகப் போய், பெண்கள் என்ன வேலை செய்கிறார்கள், ஒரு நாளில் எவ்வளவு நேரம் என்று கேட்டு வந்தாள். நான் எழுதிக்கொண்டேன். இந்த முறை பெண்களிடமே கேட்டோம். பக்கத்திலேயே புத்தகத்தில் இருந்த எண்ணையும் எழுதினேன்.

இது வெளியே தெரிந்ததும் ஒரு கட்சிக்காரர் பள்ளிக்கு வந்தார். "எங்க மீட்டிங்ல வந்து இதப் படிங்கம்மா" என்றார்.

"உங்களுக்கு எழுதித் தரேன். எதிர்க்கட்சிக்காரங்க கேட்டா அவங்களுக்கும் தருவேன்."

"அப்ப எங்களுக்கு எதுக்கு?" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

அதே அதிகாரியிடம் பெண்களோடு நானும் போனேன். அவர் இரண்டு எண்களையும் பார்த்துவிட்டு, "அச்சான கணக்கு தப்புன்னு எப்படிச் சொல்றீங்க?" என்றார்.

"தப்பா எழுதினது நான்தான் சார்."

"எழுத்துல குடுப்பீங்களா?"

கொடுத்தேன். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. பதில் எழுதினேன், அத்தோடு விட்டுவிட்டார்கள். ஆனால் ஆசிரியர்கள் விடவில்லை. எங்கள் பள்ளியிலிருந்து நாலு பேர் கணக்கெடுத்திருந்தோம். "இவங்க பாட்டுக்கு எழுதிக் குடுத்துட்டாங்க. நாளைக்கு எங்களையும் கேப்பாங்க" என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவர்களை நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. அதன் பிறகு மதியச் சாப்பாட்டுக்கு நான் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு என் வகுப்பறைக்கே போய்ச் சாப்பிடப் பழகிக்கொண்டேன். நான் வேறு ஊருக்கு மாறும் வரை அப்படித்தான்.

அதிகாரி ஒரு காலையில் யாருக்கும் சொல்லாமல் தெருவுக்கு வந்தார். வீட்டுக்கு வீடு ராட்டை சுழல்வதையும், இரண்டு வீடுகளில் குழந்தைகளைத் தூணில் கட்டியிருப்பதையும் பார்த்தார். ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. பிறகு அடுத்த தெருவில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துப் பால்வாடி திறந்தார்கள். தார் சுற்றும் பெண்ணின் மகள் அதற்குள் என் ஒன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்துவிட்டாள். திறப்பு விழா அன்று எனக்கு வகுப்பு. இரண்டு கட்சிக்காரர்களும் இது தங்கள் முயற்சி என்று மைக்கில் பேசியது ஜன்னல் வழியே கேட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை.

அடுத்த சனிக்கிழமை நூலகத்திலிருந்து புதிதாக எழுதி வந்த பக்கங்களோடு வகுப்பறையைத் திறந்து வைத்தேன். ஒருத்தி மட்டும் எட்டிப் பார்த்து, "வேலை கெடக்குது டீச்சரம்மா, இன்னொரு நாளு வரோம்" என்றாள். அவள் சொன்னது உண்மைதான். கல்யாண மாதம், தறிகள் ஓயாத நேரம். அதற்கடுத்த இரண்டு சனிக்கிழமைகளிலும் திறந்தேன். யாரும் வரவில்லை. அவர்கள் கேட்டது கிடைத்துவிட்டது. எனக்குத்தான் அந்த மதியங்கள் வேறு எதற்காகவோ வேண்டியிருந்தன, அதை நான் அவர்களிடம் சொன்னதே இல்லை.

நாலாவது சனிக்கிழமை கரும்பலகையைத் துடைத்துவிட்டு, வகுப்பறையைப் பூட்டிச் சாவியைத் தலைமை ஆசிரியரிடம் கொடுத்தேன். பேருந்து வரவில்லை. சின்ன காஞ்சிபுரம் வரைக்கும் நடந்தே போனேன்.