கோபிக்கு வயிறு நிறைந்தது

கோபி மீனை மடியில் வைத்துக்கொண்டுதான் சென்னையிலிருந்து நெய்வேலிக்கு வந்தேன். வண்ண மீன் கடையில் பாலிதீன் பையில் கடல் தண்ணீரையும் காற்றையும் நிரப்பி அதைப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். விரல் நீளம், வெள்ளை உடம்பு, அதில் ஆரஞ்சுப் புள்ளிகள். பண்ருட்டி தாண்டியதும் ஒவ்வொரு வேகத்தடைக்கும் சீட்டிலிருந்து எழுந்து நின்றேன். என் முழங்கால் மடங்கினால் மடங்கட்டும், பை குலுங்கக் கூடாது. முத்தாண்டிக்குப்பம் வந்தபோது கண்டக்டருக்குப் பொறுமை போய்விட்டது.

"எங்கம்மா எறங்கணும் நீங்க?"

"நெய்வேலிங்க."

"அப்ப ஒக்காருங்க. எழுந்து எழுந்து நின்னுக்கினே வந்தா பஸ்சு வேகமா போயிடுமா?"

எனக்கு நாற்பத்திரண்டு வயது. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுகளைத் திரையில் கண்காணிக்கிற கண்ட்ரோல் ரூமில் ஷிஃப்ட் வேலை. மீனுக்காக நிற்கிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அடுத்த வேகத்தடைக்கும் நின்றேன்.

குவார்ட்டர்ஸில் நான்கடி நீளத்தில் உப்புத் தண்ணீர்த் தொட்டி ஏற்கெனவே இருந்தது. அதில் இரண்டு கோமாளி மீன்கள். அடியில் போட்டிருந்த மணலில் பழுப்பாகப் பாசி படிந்துகொண்டே இருந்தது. அதற்காகத்தான் கோபி என்கிற இந்த ஜாதி மீன். மணலை வாய் நிறைய அள்ளும். அதிலிருக்கும் பொடிப் புழுக்களைச் சலித்துத் தின்னும். மிச்ச மணலைச் செவுள் வழியாக வெளியே விடும்.

என் கணவர் தூத்துக்குடிக்காரர். வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் கட்டட வரைபடங்கள் போட்டுக்கொடுக்கிறார். பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு தூரம் போயி வாங்கிட்டு வந்தது இதா? ஒரு வாய்க்குக் காணாதே" என்றார்.

பையிலிருந்த தண்ணீரோடு தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து பழக்கவே இரண்டு மணி நேரம் ஆயிற்று. பிறகு உள்ளே விட்டேன். ஒரு மூலையில் போய் அசையாமல் கிடந்தது. நானும் அசையாமல் நின்றேன். திடீரென்று தலையைக் கவிழ்த்து மணலில் முகத்தைப் புதைத்து ஒரு வாய் அள்ளியது. கன்னம் இரண்டும் உப்பின. அடுத்த நொடி இரண்டு பக்கச் செவுள்களிலிருந்தும் மணல் சர்க்கரை மாதிரி கொட்டியது. நான் கைதட்டிவிட்டேன்.

"ஏய், இன்னொரு தடவ செய்யச் சொல்லு" என்றார் கணவர்.

சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. அது காலையில் விளக்குப் போட்டதும் ஆரம்பிக்கும், விளக்கு அணையும்வரை நிறுத்தாது. ஒரே வாரத்தில் மணல் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. பாறைகளின் மேலும், கோமாளி மீன்களின் தலையிலும் மணல் மழை. இந்த ஜாதி பயந்தால் துள்ளி வெளியே விழுந்துவிடும் என்று கேள்விப்பட்டு, கணவரே கொசுவலைத் துணியை வெட்டித் தொட்டிக்கு மூடி தைத்தார். அந்த வாரமே அவருடைய கம்ப்யூட்டர் மேஜை உள்ளறையிலிருந்து ஹாலுக்கு வந்தது. "இங்கதான் காத்து நல்லா வருது" என்று காரணம் சொன்னார். அங்கே ஜன்னலே கிடையாது.

இரண்டு மாதம் போயிருக்கும். கோபியின் வயிறு உள்ளே ஒட்ட ஆரம்பித்தது. நாள் முழுக்க மணலைச் சலிக்கிறது, ஆனால் இளைக்கிறது. எனக்குப் புரிய நாலு நாள் ஆயிற்று. எங்கள் சின்னத் தொட்டியில் இருந்த புழு பூச்சி அத்தனையையும் அது தின்று தீர்த்துவிட்டது. இப்போது அது அள்ளுவது வெறும் மணல். மேலே தூவுகிற தீனியைக் கோமாளிகள் பிடுங்கிக்கொள்ளும். கோபி நிமிர்ந்துகூடப் பார்க்காது.

ஒருநாள் நான் ஷிஃப்டில் இருக்கும்போது கணவர் போன் செய்தார். அவர் குரல் போனுக்கு வெளியிலும் கேட்கும்.

"கோபி இன்னைக்கும் சாப்பிடல. முதுகெலும்பு தெரியுது. என்ன குடுத்தாலும் திரும்பிப் பாக்க மாட்டேங்கான்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்து நாற்காலியிலிருந்த ஷிஃப்ட் இன்சார்ஜ் மெதுவாகக் கேட்டார்.

"கோபி யாரும்மா, தம்பியா?"

வாய் திறந்தால் அழுதுவிடுவேன் என்று தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

"பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடுங்க. லேட் பண்ணாதீங்க. பர்மிஷன் எழுதிக் குடுத்துட்டுக் கெளம்புங்க, நான் பாத்துக்கறேன்."

மறுக்க வேண்டியது நியாயம். நான் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன்.

வீட்டில் கணவரோடு கீழ் வீட்டுக்காரியும் தொட்டி முன்னால் நின்றிருந்தாள். குறிஞ்சிப்பாடிக்காரி, என் வயதுதான். டவுன்ஷிப் பூங்காவில் கான்ட்ராக்டில் செடி வேலை செய்கிறாள். வாங்கிப் போன இட்லிப் பாத்திரத்தைத் திருப்பித் தர வந்தவள், அதை இடுப்பில் வைத்தபடியே மீனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க்கா, இது கோழி மாரி கெளறிக்கினே இருக்குது. நீங்க மேல மேல தூவிக்கினு இருக்கிறீங்க. மண்ணுக்குள்ள போட்டாத்தான அது திங்கும்?"

நானும் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நான் இன்டர்நெட்டில் நாலு நாள் படித்தேன். அவள் பார்த்தது ஐந்து நிமிடம்.

ஃப்ரிட்ஜில் இறால் இருந்தது. கணவர் அதை மையாக நறுக்கினார். மருந்துக் கடையில் வாங்கிய பெரிய சிரிஞ்சில் ஊசியைக் கழற்றி எறிந்துவிட்டு, உறிஞ்சி எடுத்தார். தொட்டிக்குள் கையை விட்டு மணலுக்குள் பீய்ச்சினார். கோமாளி இரண்டும் பாய்ந்து வந்து மணலைக் கலைத்து அத்தனையையும் தின்றுவிட்டன.

"அக்கா, நீங்க அந்தாண்ட மூலைல தீனியப் போட்டு அதுங்கள இழுங்க. அண்ணா, நான் சொல்றப்ப அடிங்க" என்றாள் அவள். இட்லிப் பாத்திரம் இன்னும் இடுப்பில்தான் இருந்தது.

நான் வலது மூலையில் தூவினேன். கோமாளிகள் என் பக்கம் வந்தன.

"இப்ப அடிங்க!"

கணவர் இடது மூலையில் பீய்ச்சினார். கோபி மெல்ல நகர்ந்து வந்தது. குனிந்தது. ஒரு வாய் அள்ளியது. மணல் செவுள் வழியே வழிந்தது. பிறகு அப்படியே நின்றது. தாடை ஒருமுறை அசைந்தது, இன்னொருமுறை அசைந்தது. விழுங்கியது. அடுத்த நொடி அதே இடத்தில் வெறிபிடித்த மாதிரி அள்ள ஆரம்பித்தது.

"சாப்பிட்டான்! சாப்பிட்டுட்டான்!" என்று கணவர் போட்ட சத்தத்தில் எதிர் பிளாக்கில் கதவு திறந்தது. நான் கீழ் வீட்டுக்காரியைக் கட்டிப்பிடித்தேன். இட்லிப் பாத்திரம் தரையில் விழுந்து தட்டுகள் ஹால் முழுக்க உருண்டன. மூன்று பேரும் குனிந்து பொறுக்கப் போய், சிரிப்பு தாங்காமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டோம். கணவரின் சட்டை முழங்கை வரைக்கும் சொட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் இன்சார்ஜ் நான் உள்ளே நுழைந்ததுமே எழுந்து வந்தார்.

"தம்பி எப்படி இருக்காரும்மா?"

"சார், கோபி... மீன் சார்."

போனில் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"நேத்து ராத்திரி என் வொய்ஃப் உங்க தம்பிக்காகச் சாமிக்கு விளக்கேத்துனாங்க" என்றார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அதற்குள் அவருக்கே சிரிப்பு வெடித்துவிட்டது. "பலிச்சிடுச்சுன்னு சொல்லிடறேன், விடுங்க. ஆனா அந்த பர்மிஷன லீவுல கழிச்சுக்குவேன்."

அதன்பிறகு கோபிக்கு ஒரு நாளைக்கு மூன்று வேளை. என் ஷிஃப்டைப் பார்த்து நாங்கள் மூன்று பேரும் முறை போட்டுக்கொண்டோம். ஒரு மாதத்தில் வயிறு உருண்டு வந்தது.

பொங்கலுக்குத் தூத்துக்குடிக்கு ஐந்து நாள் போக வேண்டியிருந்தது. சாவியைக் கீழ் வீட்டில் கொடுத்தோம். இரண்டாம் நாள் அவளிடமிருந்து வீடியோ கால். தொட்டி முன்னால் அவளுடைய நாத்தனார், அக்கா, குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்த இன்னும் ஆறேழு பேர் புதுப் புடவையில் உட்கார்ந்திருந்தார்கள். "பாருங்க, இப்பத் திம்பான் பாருங்க" என்று அவள் சிரிஞ்சை நீட்டினாள். கோபி வந்து, மணலில் இறங்கும்வரைகூடக் காத்திருக்காமல், நேராகச் சிரிஞ்சு நுனியிலேயே வாயை வைத்து இழுத்தது. அந்தப் பக்கம் ஒரே கூச்சல். இந்தப் பக்கம் என் கணவர் போனைப் பிடுங்கிக்கொண்டு வீட்டிலிருந்த அண்ணன் தம்பி ஒருவரையும் விடாமல் காட்டினார். கடலில் மீன் பிடித்தே வளர்ந்த அவருடைய பெரியண்ணன் போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டு, "நாம மீனத் திங்கிறோம், அங்க மீனுக்கு இறால் ஊட்டுதாங்களா?" என்றார். ஆனால் போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஊர் திரும்பியபோது கோபி அடையாளம் தெரியாமல் பெருத்திருந்தது.

"எத்தன வேள குடுத்த?" என்று கேட்டேன்.

"அஞ்சு" என்றாள் அவள், கொஞ்சமும் தயங்காமல். "பொங்கல் இல்லியாக்கா?"